மாடி வீடும் ஒற்றை மீட்டரும்

தாம்பரத்தில் மாடியில் ஒரு போர்ஷன் கட்டி முதன்முறையாக வாடகைக்கு விட்டபோது, வாடகை ஒழுங்காக வருமா என்றுதான் பயந்தேன். சண்டை வந்ததோ கரண்ட் பில்லில். வீட்டுக்கு ஒரே மின் இணைப்பு. மாடிக்குச் சப் மீட்டர். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று பேசியிருந்தேன். "100 யூனிட் இலவசம் என்கிறார்களே சார், அது எங்களுக்குக் கிடையாதா?" என்று குடித்தனக்காரர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இரண்டு குடும்பமும் ஒரே கணக்கில் ஓடியதால், இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டிவிடும். தாண்டினால் குறைந்த கட்டணப் படியில் இருந்த யூனிட்டுகளுக்கும் கட்டணம் ஏறும். நஷ்டம் எனக்கும்தான்.

மாடிக்குத் தனி இணைப்பு கேட்டு விண்ணப்பித்தேன். மின்வாரியத்திலிருந்து பார்வையிட வந்தவர் வெளிப்படிக்கட்டையும் தனிச் சமையலறையையும் பார்த்துவிட்டு வாடகை ஒப்பந்தத்தைக் கேட்டார். என்னிடம் இருந்தது 20 ரூபாய் பத்திரத்தில் எழுதிய 11 மாதத் தாள். 11 மாதம் என்று போட்டால் பதிய வேண்டாம் என்பது தெருப்பேச்சு. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் அப்படி விலக்குத் தரவில்லை. புதிதாக எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிந்தேன். அந்தச் சட்டத்தைப் படித்த கையோடு, பத்து மாத அட்வான்ஸை மூன்று மாதமாகக் குறைத்து மீதியைத் திருப்பியும் கொடுத்தேன். வீட்டில் இன்னும் அதற்குத் திட்டு விழுகிறது.

தனி இணைப்பு கிடைத்தது. இப்போது மாடி பில்லைக் குடித்தனக்காரரே கட்டுகிறார். தண்ணீர் மோட்டார் மட்டும் என் மீட்டரில் ஓடுகிறது. அதற்கு அவர் மாதம் 150 ரூபாய் தருகிறார்.