குழந்தையின் டிவி, செல்போன் நேரத்தைக் குறைக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் காட்டலாம்?" என்றுதான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். கணக்கு ரொம்ப எளிது. 2 வயது ஆகும்வரை திரையே வேண்டாம், 2 முதல் 4 வயதுவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, அதற்கும் குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரையும் ஏறக்குறைய இதுதான். ஊரிலிருக்கும் தாத்தா பாட்டியோடு வீடியோ காலில் பேசினால் மட்டும் விதிவிலக்கு. இது தெரிந்த வீடுகளிலும் நடைமுறைக்கு வருவதில்லை. பெரும்பாலும் அதற்குக் காரணம் பெரியவர்களின் வசதிதான்.

முதல் இடம் சோறு ஊட்டுவதற்கு. தண்ணீர்ச் சொம்பில் போனைச் சாய்த்து வைத்து ரைம்ஸ் போட்டுவிட்டால், குழந்தையின் வாய் தானாகத் திறக்கும். கிண்ணத்துப் பருப்பு சாதம் பத்தே நிமிடத்தில் காலி. ஆனால் வாயில் என்ன போனது என்று குழந்தைக்குத் தெரியாது. வயிறு நிறைந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வழக்கமும் மெல்லப் போய்விடும். அப்புறம் போன் இல்லாவிட்டால் சாப்பாடே இல்லை. ஒரு வயது தாண்டிய குழந்தை முன்னால் சின்னத் தட்டில் கொஞ்சம் சோற்றை வைத்து விடுங்கள். பாதி தரையில் கிடக்கும், கிடக்கட்டும். முதல் சில நாள் நாலு வாய் குறையும். நல்ல ஆரோக்கியமான குழந்தை பசித்தால் அடுத்த வேளை அதைச் சேர்த்துச் சாப்பிட்டுவிடும். எடை ஏறவில்லை என்ற கவலை இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள்.

அடுத்தது, "அவன் எங்கே பார்க்கிறான், அது பாட்டுக்கு ஓடுது" என்பது. டிவி சும்மா ஓடும் அறையில் பெரியவர்கள் குழந்தையோடு பேசுவது குறைகிறது, குழந்தையும் ஒரு பொம்மையோடு நிலைத்து விளையாடுவதில்லை என்று ஆய்வுகளிலேயே பார்த்திருக்கிறார்கள். சரி, பாட்டியின் சீரியலை என்ன செய்வது? நிறுத்தச் சொன்னால் வீட்டில் வேறொரு சீரியல் ஆரம்பித்துவிடும். அவருக்குப் பிடித்த ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லி, அந்த நேரத்தில் குழந்தையை மொட்டை மாடிக்கோ தெருவுக்கோ கூட்டிப் போகலாம்.

கதை பாதியில் இருக்கும்போது ரிமோட்டைப் பிடுங்குவது இன்னொரு தவறு. மூன்று வயதுக் குழந்தைக்கு "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்றால் ஒன்றும் புரியாது. "இந்தக் கதை முடிஞ்சதும் ஆஃப்" என்றால் புரியும். யூடியூபில் ஆட்டோபிளேயை அணைத்து வைக்காவிட்டால் கதை முடியவே முடியாது. இதைவிட மோசம், முடியாது என்று சொல்லிவிட்டு, கால் மணி நேர அழுகைக்குப் பிறகு போனைக் கொடுத்துவிடுவது. எவ்வளவு நேரம் அழுதால் கிடைக்கும் என்பதைத்தான் குழந்தை கற்றுக்கொள்கிறது. கொடுப்பதாக இருந்தால் முதலிலேயே கொடுத்துவிடுங்கள்.

ஏ பி சி டி வீடியோதானே என்ற சமாதானமும் சின்னக் குழந்தைகளிடம் செல்லாது. இரண்டு வயதுக்குள் ஆட்கள் நேரில் சொல்லித் தருவதைப் போல் திரை சொல்லித் தருவதில்லை. "சாப்பிட்டா போன்", "எழுதினா கார்ட்டூன்" என்று பரிசாக வைத்தால் அதன் மவுசுதான் ஏறும். தூங்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லாத் திரையையும் அணைத்துவிட வேண்டும், அப்பாவின் போன் உட்பட.

கடைசியாக, போனை வாங்கிக்கொண்டு பதிலுக்கு எதுவுமே தராமல் இருப்பது. அடம் அதிகமாவது பெரும்பாலும் சாயங்காலச் சமையல் நேரத்தில்தான். அந்த நேரத்தில் குழந்தையை அடுப்பிலிருந்து தள்ளி உட்கார வைத்து, முருங்கைக்கீரையை உருவவோ வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் தனித்தனிக் கூடையில் போடவோ விடலாம். சமையல் கொஞ்சம் தாமதமாகும், கீரையில் காம்பும் கிடக்கும்.