டர்பன் கோடைக்கு ஃப்ரூட் சாலட்: தண்ணீர் விடாமல், கறுக்காமல் செய்யும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மார்கழிக்குப் பனி கிடையாது. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்றும் இங்கே உச்சக் கோடை. கடற்காற்றோடு சேர்ந்து வரும் புழுக்கத்தில் சூடாக எதையும் வாயில் வைக்க மனம் வராது. தைப்பூசக் காவடியும் இந்த வெயிலில்தான் வருகிறது. மாம்பழம், லிச்சி, திராட்சை, கிரனடில்லா (பேஷன் ஃப்ரூட்) எல்லாம் சந்தையில் வந்து குவிவதும் இதே நாட்களில்தான்.

ஃப்ரூட் சாலட் செய்யத் தெரியாத வீடு இல்லை. ஆனாலும் விருந்து நாளில் மேசைக்கு வரும் கிண்ணத்தை எட்டிப் பாருங்கள். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் சப்பென்ற தண்ணீர், மேலே கறுத்த வாழைப்பழம், நடுவே குழைந்துபோன பப்பாளி. காலையிலேயே எல்லாவற்றையும் ஒன்றாக நறுக்கி, சர்க்கரையைத் தூவி, ஃப்ரிட்ஜில் தள்ளியதன் பலன் இது. பழத்தில் குறை இல்லை, நேரத்தில்தான் குறை. அன்னாசி கிண்ணத்தில் இறங்கும் நேரம் வேறு, வாழை இறங்கும் நேரம் வேறு. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மீதி சுலபம்.

எட்டுப் பேருக்கு வேண்டியவை:

- குவீன் அன்னாசி, சிறியது 2 (தோல் சீவிய பின் சுமார் 500 கிராம்)
- மாம்பழம், கெட்டியாகப் பழுத்தது, பெரியது 2
- லிச்சி 25
- விதையில்லாத் திராட்சை 250 கிராம்
- பப்பாளி, உரித்து விதை நீக்கியது 300 கிராம்
- வாழைப்பழம் 2
- கிரனடில்லா 6
- ஆரஞ்சுச் சாறு 100 மி.லி.
- எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி
- சர்க்கரை 60 கிராம், இஞ்சி ஒரு அங்குலத் துண்டு, உப்பு ஒரு சிட்டிகை, புதினா பத்து இலை

தர்பூசணி இதில் இல்லை, வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறோம். அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். மற்றப் பழங்களோடு அரை மணி நேரம் கிடந்தால் கிண்ணம் முழுவதும் நீர்த்துவிடும். தனித் தட்டில் குளிரக் குளிர வையுங்கள், அதுதான் அதற்கு மரியாதை. ஸ்பான்ஸ்பெக் (முலாம்பழம்) சேர்க்கலாம். ஆனால் வெட்டும் முன் அதன் சொரசொரப்பான தோலை ஓடும் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். இல்லாவிட்டால் தோலில் இருக்கும் மண்ணையும் கிருமியையும் கத்தியே உள்ளே கொண்டுபோய்விடும்.

வாங்கும்போது

பறித்த பிறகும் பழுக்கும் பழங்கள் உண்டு, பழுக்காதவை உண்டு. மா, பப்பாளி, வாழை மூன்றும் வீட்டில் பழுக்கும். அன்னாசி, லிச்சி, திராட்சை பழுக்காது. செடியிலிருந்து வரும்போது என்ன இனிப்போ அதுதான் கடைசி வரை. ஆகவே மாவையும் பப்பாளியையும் மூன்று நான்கு நாள் முன்பே வாங்கி, ஒரு வாழைப்பழத்தோடு சேர்த்துச் செய்தித்தாளில் சுற்றி வெளியே வையுங்கள். காயாக இருக்கும் மாம்பழத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால் பழுப்பது நின்றுவிடும், சதையும் கெட்டுப்போகும். அன்னாசியையும் லிச்சியையும் முதல் நாள் வாங்கினால் போதும்.

நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் வடக்கே ஷ்லுஷ்லுவே பக்கமிருந்து வருவது குவீன் அன்னாசி: சின்னது, முள் இலை, ஆழமான கண், நல்ல மஞ்சள் சதை. கிழக்குக் கேப்பில் விளையும் கேயென் வகை பெரியது, சாறு அதிகம், புளிப்பும் சற்றுக் கூடுதல். சாலட்டுக்குக் குவீன்தான் சரி, நறுக்கினால் வடிவம் குலையாது, நடுத்தண்டும் இளசாக இருப்பதால் அப்படியே சாப்பிடலாம். உச்சி இலையைப் பிடுங்கிப் பார்த்து வாங்குவதில் பயனில்லை. அடிப்பாகத்தை மூக்கருகே கொண்டுபோங்கள். இனித்த மணம் வந்தால் எடுங்கள், புளித்த கள் வாடை அடித்தால் திருப்பி வைத்துவிடுங்கள்.

மாம்பழத்தில் சிவப்பைப் பார்த்து ஏமாறுவது சகஜம். டாமி அட்கின்ஸ் வகை காயிலேயே சிவந்து நிற்கும். காம்படித் தோளைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள், லேசாக உள்வாங்க வேண்டும். டாமியில் நார் அதிகம், ஆனால் துண்டு உடையாது. அதற்குப் பின் வரும் கென்ட் நாரில்லாமல் வெண்ணெய் போல இருக்கும். கென்ட் கிடைத்தால் சற்றுக் கெட்டியான பதத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள். கிரனடில்லாவுக்குக் கணக்கு நேர்மாறு: வழவழவென்று இருப்பது புளிக்கும், தோல் சுருங்கியது இனிக்கும். பார்வைக்குக் கிழமாக இருப்பதைத் துணிந்து பொறுக்குங்கள்.

டிசம்பரில் சாலையோரம் பெட்டி பெட்டியாக விற்கும் லிச்சியைத் தோல் வெடிக்காமல், காம்போடு இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். வெளியே வைத்தால் ஓரிரு நாளில் தோல் பழுப்பாகிக் காய்ந்துவிடும். உரிக்காமல் பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

அன்னாசி சீவுவது

குவீனின் கண்கள் ஆழமானவை. கண் போகும் வரை தோலைத் தடிமனாகச் சீவினால் பழத்தில் பாதி குப்பைக்குப் போய்விடும். தலையையும் அடியையும் வெட்டி நிமிர்த்தி வைத்து, மேல் தோலை மட்டும் மெல்லிசாகச் சீவுங்கள். பழுப்புக் கண்கள் அப்படியே தெரியும். உற்றுப் பார்த்தால் அவை தாறுமாறாக இல்லை, மேலிருந்து கீழே சாய்வான வரிசைகளில் பழத்தைச் சுற்றி இறங்குகின்றன. ஒரு வரிசையைத் தேர்ந்து, கத்தியைச் சாய்த்து வரிசைக்கு மேலே ஒரு கோடு, எதிர்ப்பக்கம் சாய்த்துக் கீழே ஒரு கோடு போடுங்கள். இரண்டு கோடும் உள்ளே சேரும் இடத்தில் கண்கள் ஒரு நாடாவைப் போல மொத்தமாகக் கழன்று வரும். பழத்தைத் திருப்பித் திருப்பி எல்லா வரிசையையும் எடுத்து முடித்தால், திருகாணி போல வரி விழுந்த மஞ்சள் பழம் கையில் நிற்கும். பிறகு இரண்டு செ.மீ. துண்டுகளாக நறுக்கி, சல்லடையில் பத்து நிமிடம் வடியவிடுங்கள். வடிந்த சாற்றைப் பத்திரமாக வையுங்கள்.

லிச்சிக்கும் கொஞ்சம் பொறுமை வேண்டும். காம்பு முனையில் தோலைக் கிள்ளி உரித்து, ஒரு பக்கம் மட்டும் நீளவாக்கில் கீறி, கொட்டையை நெம்பி எடுங்கள். கொட்டையின் மேலிருக்கும் பழுப்புச் சவ்வு சில நேரம் சதையோடு ஒட்டிக்கொண்டு தங்கிவிடும். அது துவர்க்கும், இரண்டு மூன்று லிச்சியில் இருந்தால்கூடச் சாற்றின் ருசி மாறிவிடும். நகத்தால் வழித்து எடுத்துவிடுங்கள். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஒரு கொட்டைகூடத் தவறி விழாதபடி எண்ணிப் பாருங்கள்.

மாம்பழத்தைக் காம்புப் பால் போகக் கழுவி, இரு கன்னங்களையும் அறுத்து, தோல் அறுபடாமல் கட்டம் கட்டமாகக் கீறி, கரண்டியால் வழித்தெடுங்கள். கொட்டையைச் சுற்றியிருக்கும் சதையை எறியாதீர்கள். கையால் பிழிந்து அன்னாசிச் சாற்றோடு சேருங்கள்.

சாறு

நறுக்கிய பழத்தின் மேல் சர்க்கரை தூவுவதுதான் எல்லாக் கோளாறுக்கும் ஆரம்பம். ஊறுகாய்க்கு நறுக்கிய மாங்காயில் உப்புப் போட்டதும் நீர் விடுகிறதே, அதே கதைதான். சர்க்கரை பழத்துக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கும். துண்டு தொய்ந்துபோகும், கிண்ணத்தில் தண்ணீர் நிற்கும். இனிப்பைப் பாகாகக் காய்ச்சிச் சேருங்கள்.

சர்க்கரையோடு 60 மி.லி. தண்ணீரும் தட்டிய இஞ்சியும் போட்டு இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, நன்றாக ஆறிய பிறகு வடிகட்டுங்கள். அதில் அன்னாசிச் சாறு, பிழிந்த மாஞ்சதை, ஆரஞ்சுச் சாறு, எலுமிச்சை, உப்பு, நான்கு கிரனடில்லாவின் சதை எல்லாவற்றையும் கலந்து குளிர வையுங்கள். மற்ற இரண்டு கிரனடில்லா கடைசியில் மேலே ஊற்ற. விதை பிடிக்காதவர்கள் சல்லடையில் கரண்டியால் தேய்த்து வடிக்கலாம். மிக்ஸியில் மட்டும் போடாதீர்கள், விதை உடைந்து நறநறக்கும். குளிர்ந்தால் இனிப்பு மந்தமாகத் தெரியும், அதனால் ருசி பார்ப்பதைக் குளிர்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மாம்பழம் தேனாக இருந்தால் பாகைப் பாதி சேர்த்தாலே போதும்.

ஆரஞ்சு இங்கே குளிர்காலத்துப் பயிர், அதனால் கோடையில் பெட்டியில் வரும் சர்க்கரை சேர்க்காத சாறே போதும். எளிதில் தோல் உரியும் சின்ன ஆரஞ்சான நார்ச்சியும் அப்படித்தான், குளிர்காலத்தில்தான் கிடைக்கும். இந்த நாடு முழுவதும் நார்ச்சி என்று சொல்லும் அந்தப் பழத்தின் பெயர் நம் நாரத்தையிலிருந்து ஆப்பிரிக்கான்ஸுக்குப் போனது. கடையில் அந்தப் பெயரைப் பார்க்கும்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

எது எப்போது

மதியம் ஒரு மணிக்குச் சாப்பாடு என்றால் பத்து மணிக்குச் சாற்றைக் கலந்து குளிர வையுங்கள். பதினொன்றுக்கு அன்னாசியும் முழுத் திராட்சையும் இறங்கட்டும். இரண்டும் கெட்டியானவை, ஊற ஊற நல்லது. பன்னிரண்டுக்கு லிச்சியும் மாவும். பன்னிரண்டரைக்குப் பப்பாளி, அதை நறுக்கியதும் தனியாகக் கொஞ்சம் எலுமிச்சை பிழிந்தால் அதன் பச்சை வாடை அடங்கும். வாழைப்பழம் பரிமாறப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான். வெட்டிய வாழை காற்றுப் பட்டதும் அதிலுள்ள நொதி வேலை செய்து கறுக்கிறது. புளிப்பு அதைத் தாமதப்படுத்தும், முழுக்க நிறுத்தாது. நறுக்கிய கையோடு சாற்றில் முக்கிவிடுங்கள். புதினாவைக் கத்தி படாமல் கையால் கிள்ளிப் போடுங்கள். கிளறுவதும் கரண்டியால் குத்திக் கிண்டுவது ஆகாது. அடியிலிருந்து மேலே இரண்டு முறை புரட்டினால் போதும்.

கஸ்டர்ட், ஐஸ்கிரீம், ஜெல்லி

சமைக்காத அன்னாசியிலும் பப்பாளியிலும் இருக்கும் நொதி பால் புரதத்தை உடைக்கும். கஸ்டர்டையோ டின்னில் வரும் ஐடியல் மில்க்கையோ கிண்ணத்தில் ஊற்றிக் கலந்து வைத்தால், சிறிது நேரத்தில் திரிந்து கசக்கத் தொடங்கும். பால் கெட்டுவிட்டது என்று கடைக்காரரைத் திட்டுவார்கள், காரணம் அன்னாசிதான். தட்டில் பரிமாறிய பிறகு அவரவர் மேலே ஊற்றிக்கொண்டு உடனே சாப்பிட்டால் தொல்லை இல்லை. முன்கூட்டியே கலந்துதான் ஆகவேண்டும் என்றால், அன்னாசித் துண்டுகளை அதன் சாற்றிலேயே நான்கு நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்துச் சேருங்கள், பப்பாளியை விட்டுவிடுங்கள்.

பாக்கெட் ஜெல்லி உறையாமல் போவதற்கும் இதே நொதிதான் காரணம். அதோடு அந்த ஜெல்லியில் பெரும்பாலும் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுத்த ஜெலட்டின் இருக்கும். காவடிக்கு விரதம் இருப்பவர்களுக்கு அதை எடுத்து வைத்துவிடாதீர்கள், பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். அகர் அகர் தூள் என்றால் இரண்டு சிக்கலும் தீர்ந்தது. அரை லிட்டர் பழச்சாற்றுக்கு 4 கிராம் தூளைக் கரைத்து, இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்து தட்டில் ஊற்றுங்கள். ஃப்ரிட்ஜே வேண்டாம், வெளியிலேயே உறையும். மின்வெட்டு நாளிலும் செய்துவிடலாம். கட்டிகளாக வெட்டிச் சாலட்டின் மேல் பரப்பினால் பிள்ளைகள் முதலில் அதைத்தான் எடுப்பார்கள்.

மிச்சம்

வாழையும் பப்பாளியும் சேர்க்கும் முன் தனியாக எடுத்து மூடி வைத்தது ஃப்ரிட்ஜில் மறுநாள் வரை தாங்கும். எல்லாம் கலந்ததை அன்றே முடியுங்கள். மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். வெளிமுற்றத்தில் விருந்து, வெயில் 32 டிகிரியைத் தாண்டுகிறது என்றால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. கிண்ணத்தை ஐஸ் நிரப்பிய பெரிய பாத்திரத்துக்குள் வைத்துப் பரிமாறுவது நல்லது.

அன்னாசி ஒன்று கூடுதலாக இருந்தால் இனிப்பைத் தள்ளிவைத்துவிட்டு மசாலா அன்னாசி போடுங்கள். டர்பன்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, அளவுதான் பலருக்குத் தவறுகிறது. ஒரு குவீனுக்கு மிளகாய்த்தூள் ஒரு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், சர்க்கரை ஒரு டீஸ்பூன், வறுத்துப் பொடித்த சீரகம் கால் டீஸ்பூன். பழம் குளிர்ந்திருக்க வேண்டும், மசாலா சாப்பிடும் நேரத்தில் விழ வேண்டும். பத்து நிமிடம் போனால் உப்பு சாற்றை இழுத்துவிடும். தட்டின் அடியில் தங்கும் அந்தச் சிவப்புச் சாற்றைக் கொட்டாதீர்கள். உயரமான கிளாஸில் ஐஸ் போட்டு, சாற்றை ஊற்றி, மேலே சோடாவை நிரப்பிக் குடியுங்கள்.