தண்ணீருக்குக் காசு சேர்க்க முதல் ஒரு போத்தல் தண்ணீர் எடுங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் குழாயைத் திறந்தால் அம்பத்தலேயிலோ லபுகமவிலோ சுத்திகரித்த தண்ணீர் வந்துவிடுகிறது, அதனால் வவுனியாப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குக் குடிநீர் கொடுப்போம் என்று கிளம்பினால் நாங்கள் முதலில் தொடங்குவது வாட்ஸ்அப் குழு, அப்புறம் வங்கிக் கணக்கு, என்ன வாங்குவது என்ற யோசனை கடைசியில்தான்.

என் முதல் அனுபவமும் இதுதான். யூவி (புற ஊதாக் கதிர்) வடிகட்டி ஒன்றைப் பூட்டி, அதிபரோடு நின்று படமும் எடுத்துவிட்டு வந்தோம். இரண்டு மாதம் கழித்துப் போனபோது அதிபர் அறைக் கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு அப்படியே ஏறிக் கிடந்தது. பிள்ளைகளின் பற்களில் இருந்த மண்ணிறக் கறையையும் அன்றைக்குத்தான் கவனித்தோம். யூவி கிருமியைக் கொல்லும், ஆனால் கேத்தலில் படிவு ஏற்றும் கடினத்தன்மையையும் பல்லில் கறை ஏற்றும் புளோரைட்டையும் ஒன்றும் செய்யாது. கொதிக்க வைத்தாலும் புளோரைட் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும்.

ஆகவே முதல் வேலை பரிசோதனை. நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடங்களில் கட்டணம் கட்டிச் செய்யலாம். புளோரைட், கடினத்தன்மை, நைத்திரேற்று, மலம் கலந்திருப்பதைக் காட்டும் ஈ.கோலைக் கிருமி நான்கையும் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை புளோரைட்டுக்கு லீட்டருக்கு 1.5 மில்லிகிராம், நைத்திரேற்றுக்கு 50, ஈ.கோலை இருக்கவே கூடாது. பழைய சோடாப் போத்தலில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். கிருமிப் பரிசோதனைக்குக் கிருமி நீக்கிய போத்தல் வேண்டும், ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்க்கப் பாருங்கள். கிணறு வற்றும் ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் ஒரு தடவை எடுத்தால் இன்னும் நல்லது.

முடிவு வந்த பிறகுதான் கருவி. மலையகத்து ஊற்றுத் தண்ணீரில் பெரும்பாலும் கிருமிதான் பிரச்சினை, அங்கே தாங்கியை மூடி குளோரின் போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். யாழ்ப்பாணத்தில் பசளையாலும் மலக்குழியாலும் நைத்திரேற்று இருக்கக்கூடும். புளோரைட் என்றால் தண்ணீரை மெல்லிய சவ்வு வழியாக அழுத்தி வடிக்கும் ஆர்.ஓ இயந்திரம் அல்லது மழைநீர்த் தாங்கி. ஆர்.ஓவுக்குக் கரண்ட் பில் வரும், கழிவு நீரும் நிறையப் போகும். மழைநீருக்கு ஒரு சின்னக் கணக்கு: 100 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை விழுந்தால் கிட்டத்தட்ட 1000 லீட்டர். 200 பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்றரை லீட்டர் என்றால் மூன்று நாளைக்குச் சரி. முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே விட ஒரு வழி வைக்க மறக்க வேண்டாம்.

இப்போதுதான் காசு. இயந்திரத்தின் விலையை மட்டும் கேட்காதீர்கள், அடுத்த இரண்டு வருடத்துக்கான வடிகட்டிகளையும் திருத்த வேலையையும் சேர்த்துக் கேளுங்கள், ஏனென்றால் திறப்பு விழாவுக்குக் கொடுக்கிற கை, வடிகட்டி மாற்றக் கொடுக்காது. கரண்ட் பில்லைத் தாங்களே கட்டுவதாகப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடம் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். வலயக் கல்வி அலுவலகத்துக்கும் அறிவியுங்கள்.

பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைகளில் காசாகக் கேட்பதைவிடப் பொருளாகக் கேட்பது சுலபம்: ஒருவரிடம் தாங்கி, ஒருவரிடம் பைப், ஒருவரிடம் குழாய். கடை திறந்த கையோடு போய் நிற்காதீர்கள், முதல் வியாபாரமே நடக்காதபோது யாருக்குத்தான் கொடுக்க மனம் வரும்? வெள்ளி மத்தியானம் ஜும்மா நேரம், அதையும் தவிருங்கள். செட்டியார் தெரு நகைக்கடைகளுக்குப் போவதென்றால் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பழைய மாணவர் சங்கங்களுக்குப் பரிசோதனை அறிக்கையின் பிரதியையே அனுப்புங்கள், உருக்கமான கடிதம் தேவையில்லை. தெருவில் உண்டியல் குலுக்குவதென்றால் முதலில் பிரதேச செயலகத்திலும் பொலிஸிலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சொந்தக் கணக்கில் காசு வாங்கவே கூடாது, எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும். இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்கலாம் என்று ஒரு கூட்டுக் கணக்கு, ஒவ்வொரு பில்லும் அன்றிரவே குழுவில் படமாக. பிள்ளைகள் அழுக்குத் தண்ணீர் குடிக்கிற படம் போட்டால் காசு வேகமாக வரும்தான், ஆனால் அந்தப் பிள்ளை நாளைக்குக் கொழும்புக்குப் படிக்க வந்தால் என்ன செய்வீர்கள்? கிணற்றைப் படம் எடுங்கள்.

பூட்டி முடித்ததும் வடிகட்டி மாற்றிய திகதியையும் அடுத்து மாற்ற வேண்டிய திகதியையும் மார்க்கரால் அதன் மேலேயே எழுதிவிடுங்கள். மூன்று மாதத்தில் மறுபடி ஒரு போத்தல் தண்ணீர் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், அந்தக் கட்டணத்தையும் முதல் வசூலிலேயே ஒதுக்கி வையுங்கள்.