ஜிப்சம் போர்டு அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு பிளாஸ்டிக் கவர் ஒட்டிப் பாருங்க

ஓதம் ஏறி பூச்சு உதிர்ற செங்கல் சுவரை மறைக்க ஜிப்சம் போர்டு அடிக்கப் போறீங்கன்னா, அதுக்கு முன்னாடி ஒரு முழத்துக்கு கனமான பிளாஸ்டிக் கவரை வெட்டி அந்த இடத்துல நாலு பக்கமும் காத்து போகாம டேப் ஒட்டி 2 நாள் விட்டுடுங்க. சுவர் பக்கம் தண்ணி கோத்திருந்தா ஈரம் சுவருக்குள்ளேர்ந்து வருது, ரூம் பக்கம் மட்டும் முத்து முத்தா நின்னா அது வீட்டுக் காத்துல இருக்கற ஈரம், ஜன்னலைத் தொறந்து வச்சு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டாலே நல்லா குறையும்.

சுவர்லேர்ந்து ஆவியா வர்ற ஈரம் வெளிய போக வழியில்லாம கவர்லயே தங்கிடும், அதான் விஷயம். போர்டுக்குப் பின்னாடியும் இதேதான் நடக்கும், ஆனா போர்டு மேல இருக்கறது பேப்பர், பூஞ்சை புடிச்சு போட்ட காசு மொத்தமும் வீண், தயவுசெஞ்சு ஈர சுவர் மேல நேரா அடிக்காதீங்க.

மே மாச வெயில்ல இந்த டெஸ்ட்டை நம்பாதீங்க, சென்னையில ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் பழைய வீடுங்கள்ல அப்போ காஞ்ச மாதிரி தெரியற சுவர் ஐப்பசி கார்த்திகை மழையில திரும்ப ஊறலாம், அப்போ பாருங்க. வெள்ளையா உப்பு பூத்திருந்தா டெஸ்ட்டே வேணாம், முதல்ல தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபுடிச்சு அடைங்க.