கட்டையிலும் பட்டையிலும் வளரும் லைக்கன்களை வகைப்படுத்துவது எப்படி?

லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் ஒன்றாகக் கூடி வாழும் உயிர். மரத்தில் சாம்பல் பச்சைத் திட்டாகப் படிந்திருக்கும் லைக்கனைக் கண்டதும் பெயரைத் தேடத் தொடங்காமல், அது எதன்மேல் ஒட்டியிருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். உயிருள்ள பட்டையில் வளர்பவை ஒரு பிரிவு. பட்டை உரிந்து வெளுத்த கட்டையிலும் வேலிக்கம்பத்திலும் பட்டுப்போன அடிமரத்திலும் வளர்பவை மற்றொரு பிரிவு. இரண்டிலும் வளரும் இனங்கள் பல இருந்தாலும், இடத்தைக் குறித்துக்கொண்டால் தேட வேண்டிய எல்லை வெகுவாகச் சுருங்கிவிடும்.

அடுத்தது உடல்வடிவம். கத்தி முனையால் பெயர்க்கும்போது மரநாரோடு சேர்ந்துதான் வருகிறது என்றால் அது ஓடு வகை. ஓரத்தை நகத்தால் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்க்க முடிந்தால் இலை வகை. நூலாகத் தொங்கினாலோ சிறு செடிபோல் நின்றாலோ புதர் வகை. மலைக்காடுகளில் கிளைகளிலிருந்து தாடிபோல் தொங்கும் அஸ்னியா என்னும் புதர் வகை லைக்கனின் ஓர் இழையை நனைத்து மெல்ல இழுத்தால், மேல்தோல் மணிமணியாக உடைந்து, நடுவிலுள்ள வெள்ளை நரம்பு ரப்பர்போல் நீளும். பட்டையில் கறுப்பு மையால் கிறுக்கியது போன்ற கோடுகள் இருந்தால் அது கிராஃபிஸ் என்னும் ஓடு வகை லைக்கன் அல்லது அதன் உறவினமாக இருக்கலாம். அதைச் சுரண்டும்போது ஆரஞ்சு நிறம் தெரிந்தால், உள்ளே குடியிருப்பது டிரென்டிபோலியா என்னும் பாசி என்று கொள்ளலாம்.

காட்டுக்குப் போக இயலாதவர்கள் மளிகைக் கடையில் கல்பாசி வாங்கிப் பழகலாம். கல் என்ற சொல் பெயரில் இருந்தாலும், இது மரப்பட்டையிலும் நன்றாக வளரும் பார்மோட்ரீமா என்னும் இலை வகை லைக்கன். ஒரே பொட்டலத்தில் பல இனங்கள் கலந்திருப்பது வழக்கம். ஒரு துண்டை நீரில் நனைத்தால் மேல்தோல் ஒளி ஊடுருவும்படி ஆகி, உள்ளிருக்கும் பாசியின் பச்சை எழும்பித் தெரியும். பிளேடால் மேல்தோலைச் சீவி, வெள்ளை உட்பகுதியில் துணி வெளுக்கும் பிளீச் திரவம் ஒரு சொட்டு விட வேண்டும். உடனே சிவந்தால், மேற்பரப்பில் நுண்ணிய குச்சிபோன்ற முளைகளும் இருந்தால், அது பார்மோட்ரீமா டிங்டோரம். சிவக்காமல், ஓரங்களில் மாவுத்தூளும் கறுப்பு மயிர்களும் இருந்தால் பார்மோட்ரீமா பெர்லாட்டமாக இருக்க வாய்ப்பு அதிகம். பழைய பிளீச் ஏமாற்றும்; புதிதாகத் திறந்த திரவமே நல்லது. சோதித்த துண்டைக் குழம்பில் போடக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்தச் சொட்டுச் சோதனையை 1866இல் அறிமுகப்படுத்தியவர் லைக்கன் ஆய்வாளர் நைலாண்டர். மறு ஆண்டே, லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்த கூட்டு என்று தாவரவியலாளர் ஷ்வெண்டனர் அறிவித்தபோது அதை ஏற்க மறுத்தவரும் அவரே. இன்று லைக்கனுக்கு நாம் இடும் பெயர் அதிலுள்ள பூஞ்சைக்கே உரியது. ஆகவே வகைப்பாடு என்பது பூஞ்சையின் குலவரிசையைத் தேடுவதாகும். பாசியோடு கூடி வாழும் பழக்கம் பூஞ்சைகளிடையே ஒரே முறை தோன்றியதன்று. குறைந்தது ஐந்து முறை தனித்தனியாகத் தோன்றியிருக்க வேண்டும் என்று 1995இல் மரபணு ஆய்வு காட்டியது.

வடிவத்தை மட்டும் நம்பினால் எங்கே வழுக்குவோம் என்பதைக் கட்டையில் வளரும் குண்டூசி லைக்கன்கள் தெளிவாகக் காட்டுகின்றன. காலிசியமும் கீனோதீக்காவும் மெல்லிய காம்பும் தலையில் தூளுமாக, கைலென்ஸில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். முன்பு இவற்றை வகைப்பாட்டில் வரிசை (order) எனப்படும் ஒரே பிரிவில் வைத்திருந்தார்கள். மரபணுவோ காலிசியத்தை, இலைபோல் படரும் பிக்சைன் என்னும் லைக்கனின் குடும்பத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. கீனோதீக்கா வரிசையைவிடப் பெரிய பிரிவான வகுப்பிலேயே (class) வேறாகிப் போய்விட்டது. தலையிலுள்ள தூளை ஊசியால் தொட்டு 400 மடங்கு நுண்ணோக்கியில் வைத்தால் இந்த உறவு கண்ணுக்கே புலப்படும்: காலிசியத்துக்கும் பிக்சைனுக்கும் நடுவில் ஒரு தடுப்புள்ள பழுப்பு ஸ்போர்கள் (பூஞ்சையின் வித்துகள்), கீனோதீக்காவுக்குப் பெரும்பாலும் தடுப்பில்லாத உருண்டைகள். எனவே குறிப்பேட்டில் உடல்வடிவம், நிறச் சோதனை, ஸ்போர் ஆகிய மூன்றையும் தனித்தனியே எழுதி, மாதிரியைப் பிளாஸ்டிக் பையில் அடைக்காமல் காகித உறையில் உலர வைக்க வேண்டும். காப்புக் காடுகளில் அனுமதியின்றி எதையும் எடுக்கக் கூடாது.