கிளையை வரைகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாவர ஓவியம் பழக வருகிறவர்களிடம் அதே பழைய தவறுகளைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மட்டமான தாள், மொண்ணைப் பென்சில் பற்றியெல்லாம் சொல்லப் போவதில்லை. அவை தானாகவே பிடிபடும்.

நிறம் நினைவில் இருக்கும் என்று நம்புவது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். ஒரு மாணவி பூவரசங்கிளை வரைந்தார். காலையில் பூ வெளிர்மஞ்சள், அடியில் கருஞ்சிவப்பு. இலை நரம்புகளை ஒவ்வொன்றாக இழைத்து முடித்து, மறுநாள்தான் வண்ணப் பெட்டியைத் திறந்தார். பூ செந்நிறமாகிச் சுருண்டிருந்தது. பூவரசு வாட வாடச் சிவக்கும். கைபேசிப் படத்தைப் பார்த்து எலுமிச்சை மஞ்சளைப் பூசினார். நரம்புக்குப் பட்ட பாடெல்லாம் வீண்.

ஆஸ்திரியத் தாவர ஓவியரான ஃபெர்டினாண்ட் பாவர் (1760–1826) இதற்கு அன்றே வழி கண்டவர். 1801-ல் மேத்யூ ஃபிளிண்டர்ஸின் இன்வெஸ்டிகேட்டர் கப்பலில் ஆஸ்திரேலியா போனார். செடிகள் குவிந்தன, உட்கார்ந்து தீட்ட நேரமில்லை. பென்சில் கோட்டோவியத்தில் இதழுக்கும் இலைக்கும் எண்களை எழுதினார். எண்ணுக்கு ஒரு சாயல், அப்படி ஆயிரத்தை நெருங்கும் சாயல்கள். லண்டன் திரும்பிய பிறகு அந்த எண்களைக் கொண்டே நீர்வண்ணம் தீட்டினார். மேற்கு ஆஸ்திரேலியாவின் பாங்சியா காக்சினியா கிளையை அவர் வரைந்த படத்தைத் தேடிப் பாருங்கள். சாம்பல் பூத்த மொட்டுகளிலிருந்து வளைந்தெழும் செந்நிறச் சூல்தண்டுகள், இலையின் மேற்பக்கப் பச்சை, அடிப்பக்க வெளிறல் எல்லாம் தனித்தனியாக நிற்கும்.

நமக்கு ஆயிரம் எண் வேண்டாம். கிளை கைக்கு வந்ததும், பென்சிலைத் தொடும் முன்பே, அதே தாளின் ஒரு துண்டில் நிறத்தைக் கலந்து பூசி, காய்ந்ததும் இதழோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். பொருந்தினால் எதோடு எதைக் கலந்தீர்கள் என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும், டியூப்லைட்டில் அல்ல. முதலில் பூ, அப்புறம் மொட்டு, பிறகு இலை. பட்டை எங்கும் போகாது.

அழகுக்காக இலை சேர்ப்பது

பூவரசில் கணுவுக்கு ஓர் இலை, மாறி மாறி வரும். கொய்யாவில் எதிரெதிராக இரண்டு. தாளில் வெற்றிடம் தெரிகிறதே என்று ஓர் இலையைச் செருகினால், படத்தை வைத்துச் செடியை அடையாளம் காண வந்தவர் அங்கேயே குழம்பிப் போவார்.

கண்ணளவு போதும் என்பது

போதாது. டிவைடரை வைத்து அளந்து வரையுங்கள்.

வெளிச்சத்தை மாற்றிக்கொண்டே இருப்பது

இடப்பக்க மேலிருந்து, ஒரே வெளிச்சம். முடிக்கும் வரை.