சீனச் சமையல் சரக்கு: மலை மேலே செய்யக்கூடாதவை

வால்பாறையில் ஒரு தங்கும் விடுதியின் சமையலறை என் பொறுப்பு. புதிதாகச் சேர்ந்த தம்பி போன வாரம் சரக்குப் பட்டியலை நீட்டினான். "பொள்ளாச்சிக்கு இறங்கினாலே 40 கொண்டை ஊசி வளைவு, அண்ணா. ஆறு மாதத்துக்கும் சேர்த்து வாங்கிவிடலாமே?" முதல் வரியிலேயே சிச்சுவான் மிளகு, 2 கிலோ. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சிச்சுவான் மிளகை மூட்டையாக வாங்குவது

நானும் இதே கணக்கைப் போட்டவன்தான். பெயரில்தான் மிளகு, எலுமிச்சைக் குடும்பத்துக் காய் அது. நாக்கை மரக்கவைக்கும் சங்கதி தோலில் மட்டுமே இருக்கிறது. உள்ளிருக்கும் கறுப்பு விதை பல்லில் மணலாக நெருடும். எனக்கு வந்த மூட்டையில் பாதி விதையும் காம்பும். இரண்டு இரவு உட்கார்ந்து பொறுக்கினேன். வைகாசியில் வாங்கியது, பிறகு மழை பிடித்துக்கொண்டது. சின்னக்கல்லாறு பக்கத்து மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? ஆவணியில் மணம் போய்விட்டிருந்தது. மாப்போ டோஃபுவில் (சோயா பனீரில் செய்யும் காரமான சீனக் குழம்பு) கூடுதலாக அள்ளிப் போட்டேன்; கசப்புதான் ஏறியது. ஒன்றரைக் கிலோவைக் குப்பையில் கொட்டினேன். பணம்கூடப் போகட்டும், அந்த இரண்டு இரவை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான்.

இப்போது 50 கிராமுக்கு மேல் வாங்குவதில்லை. வந்ததும் ஒரு தோலை மெல்வேன். சற்று நேரத்தில் உதடு குறுகுறுக்க வேண்டும். இறுக மூடி ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது வறுத்துப் பொடிக்கிறேன்.

சேர்த்து வாங்க ஆசையா? டௌபான்ஜியாங் வாங்குங்கள். மிளகாயும் ஃபாவா பீன்ஸும் புளித்த விழுது அது, உப்பே காப்பாற்றும். திறந்தபின் ஃப்ரிட்ஜில் மாதக்கணக்கில் இருக்கும்.

அன்னாசிப்பூவை ஆர்டர் செய்வது

பிரியாணிக்கு விற்கும் அதேதான். தெருமுனைக் கடையில் இருக்கிறது.

லேபிள் படிக்காமல் சோயா சாஸ் எடுப்பது

சோயா, கோதுமை, உப்பு, தண்ணீர் இருக்க வேண்டும். பட்டியலில் நிறமியே முன்னால் நின்றால் திரும்ப வைத்துவிடுங்கள்.

நல்லெண்ணெயை ஊற்றிச் சமாளிப்பது

நம்முடையது பச்சை எள்ளில் ஆட்டியது. சீனர்களுடையது வறுத்த எள்ளில் எடுத்தது. மணமே வேறு. கிடைக்காத நாளில் எள்ளை வறுத்து இடித்து, அடுப்பை அணைத்தபின் தூவுகிறேன்.

கண்ணாடிப் பாட்டிலைப் பஸ்ஸில் ஏற்றிவிடுவது

வேண்டாம். ஒருமுறை சோயா சாஸ் நடத்துநரின் பையில் வடிந்தது. இன்றும் என்னைக் கண்டால் அவர் பையை மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறார்.